குறை கேட்கும் காது

ஓர் ஊரில் ஒரு பஜனை மடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனையைக் கொடுத்தவர் ஒரு மிராசுதார். நான்கு சுவரும் மேற்கூரையும் அவருடைய உபயம். ஆனால் சனிக்கிழமை தவறாமல் வந்து பாடுகிறவர்கள் ஊரார். ஜாலரா தட்டுகிறவர், மிருதங்கம் வாசிக்கிறவர், படத்துக்கு மாலை கட்டுகிறவர், சுண்டல் வேகவைத்துக் கொண்டுவருகிறவர் எல்லோரும் தங்கள் சொந்த ஆசையினால் வருகிறவர்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. வருஷக்கணக்காக இப்படி நடந்துவரும்போது, மிராசுதார் ஒருநாள் மடத்தை ஒரு வியாபாரிக்கு விற்றுவிடுகிறார். வியாபாரி வந்ததும் வராததுமாகச் சுவரெல்லாம் சோப்பு விளம்பரமும் ஊதுவத்தி விளம்பரமும் ஒட்டுகிறார். கூரை ஒழுகுகிறதே என்று போய்ச் சொன்னால், "ஆகட்டும், பார்க்கலாம்" என்கிறார்.

இப்போது அந்த மடம் யாருடையது? பத்திரத்தைப் பார்த்தால் வியாபாரியுடையதுதான். அதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டு நின்றுபோனால் அவர் வாங்கியதில் மிஞ்சுவது என்ன? நான்கு சுவரும் ஓர் ஒழுகல் கூரையும்.

இது வெறும் கற்பனை என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். இணையத்தில் இன்று இத்தகைய மடங்கள் ஏராளம். கம்பளி நூலில் சட்டை பின்னுகிறவர்கள், தபால் தலை சேர்க்கிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள், ஊர் சுற்றுகிறவர்கள், பழைய நாணயம் ஆராய்கிறவர்கள் என்று ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் தனித்தனித் தளங்கள் இருக்கின்றன. நம் வீடுகளிலும் மாலை வேளையில் யாராவது ஒருவர் அத்தகைய தளம் ஒன்றில் உட்கார்ந்து, தாம் எடுத்த படத்தையோ தமக்குத் தெரிந்த செய்தியையோ பதிந்துகொண்டுதான் இருக்கிறார்.

இந்தத் தளங்களுக்கும் சாதாரணக் கடைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கடையில் சரக்கு முதலாளியுடையது, நாம் வாங்குகிறவர்கள். இங்கேயோ சரக்கு முழுவதும் நாம் கொண்டுவந்து கொட்டியது. தளத்தை நடத்துகிறவர் கொடுப்பது இடம் ஒன்றுதான். ஆகவே அங்கே ஒரு குறை ஏற்பட்டு அன்பர்கள் அதை எடுத்துச் சொல்லும்போது, அது வாடிக்கைக்காரர் புகாராகவும் இருக்கிறது. கூட்டாளியின் கேள்வியாகவும் இருக்கிறது. நடத்துகிறவர்கள் இவ்விரண்டில் எந்தக் காதால் அதைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்தத் தளங்களின் வாழ்வும் தாழ்வும் அமைந்திருக்கின்றன. சென்ற இருபத்தைந்து வருஷங்களில் நடந்த சில சம்பவங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

விளம்பரம் என்ற ஒரு சொல்

விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தை அறியாத பள்ளிப் பிள்ளைகள் இன்று இல்லை. அது 2001-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 15-ஆம் தேதி அமெரிக்காவில் ஆரம்பமாயிற்று. அப்போது அதை நடத்தியது போமிஸ் என்னும் ஒரு வியாபாரக் கம்பெனி. ஜிம்மி வேல்ஸ் அதன் தலைவர். லாரி சாங்கர் என்பவர் சம்பளம் பெற்று மேற்பார்வை செய்துவந்தார். எழுதியவர்களெல்லாம் ஓய்வு நேரத்தில் ஆசைக்காக எழுதியவர்கள்.

2002-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், கம்பெனிக்குப் பணமுடை ஏற்பட்டிருந்த சமயம், தளத்தில் விளம்பரம் போட நேரலாம் என்று சாங்கர் ஒரு வார்த்தை எழுதினார். விளம்பரம் இன்னும் வரவில்லை. வரலாம் என்ற பேச்சுத்தான் வந்தது. ஆனால் அந்தப் பேச்சே ஸ்பானிஷ் மொழியில் எழுதிக்கொண்டிருந்த அன்பர்களுக்குப் பொறுக்கவில்லை. "நாங்கள் இலவசமாக எழுதுவதை வைத்து நீங்கள் காசு பண்ணுவதா?" என்பது அவர்களுடைய கேள்வியின் சாரம். அதே மாதத்திலேயே அவர்களில் பெரும்பாலோர் தாங்கள் எழுதிய கட்டுரைகளின் பிரதிகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஸ்பெயின் தேசத்துச் செவில் சர்வகலாசாலை இடம் கொடுத்தது. அங்கே 'என்சிக்ளோபீடியா லிப்ரே' என்ற பெயரில் தனிக் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். எவருக்கும் பிரதி எடுத்துப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்ற லைசென்ஸின் கீழ் அவை எழுதப்பட்டிருந்தபடியால், அவர்களை யாராலும் தடுக்க முடியவில்லை.

இதனால் உண்டான பலன் என்ன? சில காலத்துக்கு ஸ்பானிஷ் விக்கிப்பீடியா வாடிக் கிடந்தது. ஆனால் தலைமை இடத்தில் பாடம் நன்றாக மனத்தில் பதிந்தது. அந்த வருஷமே ஆகஸ்டு மாதத்தில் தளத்தின் முகவரியின் கடைசிப் பகுதி, வியாபாரத்தைக் குறிக்கும் 'காம்' என்பதிலிருந்து பொது ஸ்தாபனத்தைக் குறிக்கும் 'ஆர்க்' என்பதற்கு மாறியது. 2003-ஆம் வருஷம் ஜூன் மாதம் 20-ஆம் தேதி, லாப நோக்கமில்லாத விக்கிமீடியா அறக்கட்டளை நிறுவப்பட்டது. 2004-ஆம் வருஷம் அதன் நிர்வாக சபைக்கு, எழுதும் அன்பர்களே வாக்களித்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். விக்கிப்பீடியாவில் வியாபார விளம்பரம் இன்றுவரையில் கிடையாது. இவ்வளவுக்கும் அந்தச் சிறு கூட்டத்தின் வெளியேற்றமே முழுக் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அது முக்கியமான காரணங்களில் ஒன்று. பிரிந்துபோனவர்களின் களஞ்சியம் பிற்காலத்தில் சிறுத்துப்போயிற்று. அவர்கள் கேட்டது மட்டும் கிடைத்துவிட்டது.

நம்முடைய தேசசரித்திரம் அறிந்தவர்களுக்கு இது புதிய கதையல்ல. 1885-ஆம் வருஷத்தில் பிறந்த காங்கிரஸ், பல காலம் விண்ணப்பம் எழுதியே சர்க்காரின் காதைத் தொட முயன்றது. அழகான ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பங்கள் சர்க்கார் அலமாரியில் அழகாக உறங்கின. 1920-ல் மகாத்மா காந்தி ஒத்துழையாமையைத் தொடங்கிய பிறகுதான், இந்த ஜனங்கள் வேலை செய்ய மறுத்தால் ராஜ்யம் நடக்காது என்பது ஆளுவோருக்கு விளங்கியது. உயிரும் சிறையும் சம்பந்தப்பட்ட அந்தப் பெரும் போரோடு, ஒரு பொழுதுபோக்குத் தளத்தின் சச்சரவைச் சமமாக வைப்பது தகாது. ஆனால் தத்துவம் ஒன்றுதான்: விலகிப்போகச் சக்தி உள்ளவனுடைய வார்த்தைக்கே செவி சாய்க்கிறார்கள்.

ஊர்சுற்றிகளின் மடம்

அடுத்த கதை, நான் முதலில் சொன்ன பஜனை மடத்தின் கதையேதான்.

2003-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், கனடா தேசத்து மான்ட்ரீல் நகரில் வசித்த இவான் பிரோட்ரோமோ, மிஷெல் ஆன் ஜென்கின்ஸ் என்னும் இருவர், 'விக்கிட்ராவல்' என்ற யாத்திரை வழிகாட்டித் தளத்தைத் தொடங்கினார்கள். எந்த ஊரில் எங்கே தங்கலாம், எந்தத் தெருவில் நல்ல சாப்பாடு கிடைக்கும், எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் போய்வந்தவர்களே எழுதினார்கள். அச்சுப் புத்தகத்தில் ஒரு ஹோட்டல் மூடிப்போன செய்தி அடுத்த பதிப்பில்தான் வரும். இங்கே அன்றைக்கே வந்துவிடும். ஊர் சுற்றுவதில் பித்துக்கொண்டவர்கள் பல தேசங்களிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள்.

2006-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அந்தத் தளம் இன்டர்நெட் பிராண்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. எழுதியவர்களிடம் வாக்கெடுப்பு ஒன்றும் நடக்கவில்லை. ஜெர்மன் மொழியில் எழுதிவந்தவர்கள் முதலில் விழித்துக்கொண்டார்கள். அந்த வருஷம் டிசம்பரிலேயே 'விக்கிவாயேஜ்' என்ற பெயரில் தனித் தளம் அமைத்து, அதை நடத்த ஒரு சங்கத்தையும் பதிவு செய்துகொண்டு பிரிந்தார்கள். இத்தாலிய மொழிக்காரர்கள் அடுத்த வருஷம் அவர்களைப் பின்பற்றினார்கள்.

ஆங்கிலத்தில் எழுதியவர்களோ பொறுத்திருந்தார்கள். கம்பெனிக்கு அவர்கள் சொன்ன குறைகள் பெரிய விஷயங்கள் அல்ல. விளம்பரம் அதிகமாகிறது, தளத்தை இயக்கும் சாதனம் பழையதாகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும், பழுது ஏற்பட்டால் சரிசெய்ய ஆள் வேண்டும்: இவ்வளவுதான். கூரை ஒழுகுகிறது என்பதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கும் தக்க பரிகாரம் கிடைக்கவில்லை.

ஆறு வருஷம் இப்படிக் கழிந்த பிறகு, 2012-ஆம் வருஷத்தில், அன்பர்களில் பெரும்பகுதியினர் கூடிப் பேசினார்கள். ஜெர்மன் கூட்டத்தாரோடு மீண்டும் ஒன்று சேர்வது, விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளையின் நிழலில் எல்லோருமாகக் குடியேறுவது என்று முடிவு செய்தார்கள். கம்பெனிக்கு அப்போதுதான் காது கேட்டது. ஆனால் கேட்ட காது குறையைத் தீர்க்க முன்வரவில்லை, கோர்ட்டுக்குப் போயிற்று. அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில், சம்பளமில்லாமல் வேலை செய்த அன்பர்கள் இரண்டு பேர்மேல் கம்பெனி வழக்குத் தொடுத்தது. ஓய்வு நேரத்தில் ஊர்க்கதை எழுதப் போன மனிதனுக்கு, அதற்காகக் கோர்ட்டு நோட்டீசு வந்தால் எப்படியிருக்கும் என்பதை நேயர்களே யோசித்துக்கொள்ளலாம். அறக்கட்டளை அவர்கள் பக்கம் நின்று எதிர்வழக்குப் போட்டது. 2013-ஆம் வருஷம் பிப்ரவரியில் வழக்கு சமரசமாக முடிந்தது. அதற்கு முந்தின மாதம் 15-ஆம் தேதியே, விக்கிவாயேஜ் ஒன்பது மொழிகளில் புது வீட்டில் கிரகப் பிரவேசம் செய்துவிட்டது.

கம்பெனி விலை கொடுத்து வாங்கியது பெயரையும் முகவரியையும்தான். கட்டுரைகள் யாவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய லைசென்ஸில் எழுதப்பட்டவை. எழுதிய கைகளோ விற்பனைப் பத்திரத்தில் சேராதவை.

முன்னதாகக் கேட்டவர்கள்

குறை வந்த பிறகு கேட்பது ஒரு விதம். குறை வருமுன்னரே போய்க் கேட்பது மற்றொரு விதம். இதற்கு 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் உலகப்படத் தளத்தை உதாரணமாகச் சொல்லலாம்.

இதை 2004-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கினார். அந்நாட்டுச் சர்க்கார் சர்வே இலாகாவின் படங்களைத் தாராளமாகப் பயன்படுத்த முடியாமல் இருந்த காலம் அது. ஆகவே அன்பர்கள் சைக்கிளிலும் கால்நடையாகவும் தெருத் தெருவாகச் சுற்றி, கையில் ஒரு சிறு கருவியை வைத்துக்கொண்டு வழித்தடங்களைப் பதிந்து, படத்தைத் தாங்களே வரைந்தார்கள். சில வருஷங்களில் உலகத்தின் பல பாகங்களுக்கும் இந்த முயற்சி பரவிவிட்டது.

பிறகு ஒரு சிக்கல் தோன்றியது. அவர்கள் முதலில் ஏற்றிருந்த லைசென்ஸ், கதை, கட்டுரை, சித்திரம் போன்றவற்றுக்காக எழுதப்பட்டது. தெருக்களின் பெயரும் அளவும் அடங்கிய தகவல் தொகுப்புக்கு அது சரியாகப் பொருந்தவில்லை. வேறு லைசென்ஸுக்கு மாற வேண்டும். நடத்துகிறவர்கள் நினைத்திருந்தால் ஓர் அறிவிப்பு ஒட்டிவிட்டு, "நாளை முதல் இப்படி" என்று சொல்லியிருக்கலாம். பல கம்பெனிகள் செய்வது அதுதான். ஆனால் படம் வரைந்தவனுக்கல்லவா அதன்மேல் உரிமை? பல வருஷம் விவாதம் நடந்தது. அங்கத்தினர் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டார்கள். சம்மதியாதவர்களும் பதிலே தராதவர்களும் இருந்தார்கள். அவர்கள் வரைந்த தெருக்களை 2012-ஆம் வருஷத்தில் படத்திலிருந்தே நீக்கினார்கள். நீக்கிய இடங்களை மற்றவர்கள் மறுபடி நடந்துபோய் வரைய வேண்டியிருந்தது. அந்த வருஷம் செப்டம்பர் மாதம் 12-ஆம் தேதி புதிய லைசென்ஸ் அமலுக்கு வந்தது.

இந்த மாற்றத்தில் எல்லோரும் திருப்தியடைந்தார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் வருத்தப்பட்டுப் பிரிந்துபோனார்கள். இவ்வளவு சிரமம் தேவையா என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் ஒருவன் கொடுத்ததை அவன் இஷ்டத்துக்கு மாறாகப் பயன்படுத்துவதைக் காட்டிலும், தங்கள் படத்தில் சில வெற்றிடங்கள் விழுவதே மேல் என்று அவர்கள் தீர்மானித்தார்கள்.

எண்ணிக்கை பேசாத இடம்

இதுவரை சொன்னவற்றைப் படித்துவிட்டு, "அப்படியானால் அங்கத்தினர் சொல்வதெல்லாம் வேதவாக்கு, நடத்துகிறவர்கள் எல்லாம் காது கேளாதவர்கள்" என்று யாரும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. மனிதர்களுக்குப் பழகியதே பிடிக்கும். வீட்டில் அலமாரியை ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்கு நகர்த்தினால்கூடப் பாட்டிக்கு இரண்டு நாள் கோபம் தணியாது. தளங்களிலும் அப்படித்தான். எந்த மாறுதல் செய்தாலும், "பழையபடியே இருந்தால் என்ன?" என்ற குரல் நிச்சயம் எழும். உரக்கப் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர். பேசாமல் இருக்கிறவர்கள் ஏராளம். பேசாதவர்களின் அபிப்பிராயம் என்னவென்று யாருக்குத் தெரியும்? உரத்த குரலுக்கெல்லாம் வளைந்து கொடுத்தால் தளம் நடத்தவே முடியாது. குறை சொல்ல வந்து வசை பாடிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்திருப்பவரும் நம்மைப் போல் ஒரு மனிதர்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் தலையெண்ணிக்கையால் நிறுக்கக் கூடாத குறை ஒன்று உண்டு. அதற்கு 'ரேவல்ரி' என்ற தளத்தின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துத் தம்பதிகள் இருவர் 2007-ஆம் வருஷத்தில் அதைத் தொடங்கினார்கள். ஊசியாலும் கொக்கியாலும் கம்பளி நூலைப் பின்னுகிறவர்களுக்கான தளம் அது. எந்த மாதிரியைப் பின்னினோம், எந்த நூல், எத்தனை கண்டு, எங்கே தவறிற்று என்பதையெல்லாம் அன்பர்கள் குறித்துவைத்தார்கள். பின்னல் மாதிரிகளை ஆக்குகிறவர்கள் அங்கேயே விற்றுச் சம்பாதிக்கவும் செய்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே நடத்திய அந்தத் தளத்தில், 2020-ஆம் வருஷத்துக்குள் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பெயர் பதிந்திருந்தார்கள்.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் தளத்துக்குப் புதுத் தோற்றம் கொடுத்தார்கள். பளிச்சென்ற நிறங்கள், அழுத்தமான நிழல்கள், புதிய எழுத்துக்கள். வழக்கம்போல் சிலர் பிடிக்கவில்லை என்றார்கள். ஆனால் அந்த இரைச்சலுக்குள்ளே வேறொரு குரலும் இருந்தது. "இதைப் பார்த்தால் எனக்குத் தலைவலி வருகிறது". "ஒற்றைத் தலைவலி கிளம்பிவிட்டது". "கண் கூசுகிறது, குமட்டுகிறது" என்று பலர் எழுதினார்கள். வலிப்பு வந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அமெரிக்காவில் வலிப்பு நோயாளிகளுக்காக ஏற்பட்ட அறக்கட்டளை ஒன்று, அத்தகைய நோய் உள்ளவர்கள் இந்தத் தளத்தைப் பார்ப்பதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எச்சரிக்கை விடுத்தது.

நடத்தியவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. பழைய தோற்றத்தையே வேண்டுவோர் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி செய்தார்கள். புதியதிலும் சில திருத்தங்கள் செய்தார்கள். ஆனால் 2021-ல் பழைய தோற்றத்தை எடுத்துவிட்டார்கள். தங்கள் உபாதையை உள்ளபடி நம்பவில்லை என்ற மனத்தாங்கல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தீரவே இல்லை.

இங்கேதான் நான் முன் சொன்ன தத்துவம் போதாமல் போகிறது. ஊர்சுற்றிகள் தங்கள் கட்டுரைகளைச் சுமந்துகொண்டு வேறு மடத்துக்குப் போனார்கள். பின்னல்காரி எங்கே போவாள்? அவளுடைய பல வருஷக் குறிப்புகள், சிநேகிதிகள், மாதிரி விற்று வரும் வருமானம் எல்லாம் அந்த ஓரிடத்தில் இருக்கின்றன. அவ்வளவு பெரிய வேறு மடமும் பக்கத்தில் இல்லை. லட்சக்கணக்கானவர்களுக்கு ஒன்றும் நேராமல் இருக்கும்போது, சில நூறு பேர் சொல்லும் வலி கணக்கில் தூசாகத் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரிகிறது, ஒரு பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால், ஐம்பதுக்கு ஒன்று என்று கணக்குப் பார்க்கிற உபாத்தியாயர் உபாத்தியாயரே அல்ல. அந்த ஒரு பிள்ளையை முன்பெஞ்சியில் உட்காரவைக்க வேண்டும். அன்றைக்கே வைக்க வேண்டும்.

ஆகையால் குறைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது. பழக்கம் மாறியதால் வரும் குறை ஒன்று. அது சில நாள் பொறுக்கும். பெரும்பாலும் தானே ஆறிவிடும். உரிமை பற்றிய குறை ஒன்று. அது எழுவதற்கு முன்னரே போய்ச் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். உடம்புக்கு வலி தரும் குறை ஒன்று. அதற்கு அன்றே பரிகாரம் தேட வேண்டும். எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. முதல் வகைக்குக் கொடுக்க வேண்டிய பதிலை மூன்றாம் வகைக்குக் கொடுப்பதனால்தான் பல இடங்களில் மனக்கசப்பு உண்டாகிறது.

நம் வீட்டு வாசலில்

இந்த விஷயத்தில் தமிழர்களுக்கும் ஓர் அனுபவம் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா 2003-ஆம் வருஷத்தில் தொடங்கியது. தமிழகத்திலும் இலங்கையிலும் கடல் கடந்த தேசங்களிலும் உள்ள அன்பர்கள் வேலைக்குப் போய்வந்த நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதி வளர்த்தார்கள். 2009-ஆம் வருஷத்தில் கூகிள் கம்பெனி, இந்திய மொழிகள் சிலவற்றில் விக்கிப்பீடியாவை வளர்க்க உதவுவதாக முன்வந்தது. கூலி கொடுத்து மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, கம்பெனியின் மொழிபெயர்ப்புச் சாதனத்தின் துணையால் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிக் கொண்டுவந்து சேர்த்தது.

கேட்காமலே கிடைத்த தானம், கட்டுரைகளோ நீளமானவை. எண்ணிக்கை உயர வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த ஒரு சிறு கூட்டம் இதை இரு கையாலும் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அன்பர்கள் படித்துப் பார்த்தார்கள். வாக்கியங்கள் பல தமிழாக இல்லை. எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. தமிழ் வாசகருக்கு முக்கியமான பொருள்கள் எத்தனையோ காத்திருக்க, அமெரிக்கக் கேளிக்கை உலகத்துச் செய்திகள் வந்து குவிந்தன. திருத்தச் சொன்னால், மொழிபெயர்த்தவரிடமிருந்து பதில் வருவதும் அரிதாயிருந்தது. கொட்டிவிட்டுப் போகிறவர் ஒருவர், கூட்டிப் பெருக்குகிறவர் மற்றொருவர் என்று ஆயிற்று.

இங்கே வேஷம் மாறிவிட்டதைக் கவனியுங்கள். மற்ற இடங்களில் கம்பெனி வீட்டுக்காரர், அன்பர்கள் குடியிருப்பவர்கள். இங்கே அன்பர்களே வீட்டுக்காரர்கள், உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று விருந்தாளி. வங்காளி மொழி விக்கிப்பீடியாவினர் அந்தக் கட்டுரைகளை ஏற்பதில்லை என்று கதவை அடைத்தார்கள். தமிழர்கள் கதவை அடைக்காமல் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். தரம் இப்படி இருக்க வேண்டும், பொருள் இப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார்கள். 2010-ஆம் வருஷம் போலந்து தேசத்துக் கிடான்ஸ்க் நகரில் நடந்த உலக விக்கி மகாநாட்டில், தமிழ் அன்பர் ஒருவர் இந்தக் குறைகளை உதாரணங்களோடு சபையில் எடுத்து வைத்தார். அந்தத் திட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் "இனாமாக வருவதைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது" என்ற பழைய சமாதானத்துக்கு அன்பர்கள் மயங்கவில்லை. தமிழ் சரியில்லை என்றால் சரியில்லை என்று சொன்னார்கள். அப்படிச் சொல்வதற்கு அவர்களுக்கு இடம் இருந்தது. ஏனென்றால் வீடு அவர்களுடையது.

நாம் கேட்க வேண்டியவை

இவ்வளவும் படித்த நேயர்கள், "எங்கள் வீட்டுப் பிள்ளை தபால் தலைப் படம் போடுகிறான், இதற்கெல்லாம் சரித்திரம் எதற்கு?" என்று கேட்கலாம். அந்தப் பிள்ளை போடுவது படம் மட்டும் அல்ல. தன் பொழுதையும் சேர்த்துப் போடுகிறான். பத்து வருஷத்துப் பொழுது ஒரு சிறு சொத்து. எந்தச் சொத்தையும் ஓரிடத்தில் வைக்குமுன் நாம் சிலவற்றை விசாரிக்கிறோம். இங்கேயும் விசாரிக்க வேண்டும்.

முதலாவது, நான் இங்கே வைப்பதை வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? ஸ்பானிஷ்காரர்களும் ஊர்சுற்றிகளும் பிழைத்தது இதனால்தான். இரண்டாவது, இந்த இடத்தை நாளை வேறொருவருக்கு விற்றால் என் எழுத்தின் கதி என்ன? அந்த விவரம் லைசென்ஸில் எழுதியிருக்கும். அலுப்பாக இருந்தாலும் ஒருமுறை உட்கார்ந்து படித்துவிட வேண்டும். மூன்றாவது, குறை சொன்னவர்களுக்கு இவர்கள் இதற்கு முன் எப்படிப் பதில் சொல்லியிருக்கிறார்கள்? அதைப் பழைய அங்கத்தினர் ஒருவரைக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

குறை சொல்லும் முறையையும் நாம் பழகிக்கொள்ள வேண்டும். எது பிடிக்கவில்லை, எது வலிக்கிறது, எது நம் உரிமை என்று பிரித்து, ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, மரியாதையான வார்த்தையில் சொல்ல வேண்டும். நமக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், மற்றொருவர் வலிக்கிறது என்று சொன்னால் அவருக்குப் பக்கபலமாக ஒரு வரி எழுத வேண்டும். ரேவல்ரியில் தலைவலி வந்தவர்களுக்கு மிகவும் தேவையாயிருந்தது, தலைவலி வராதவர்களின் ஒரு வார்த்தைதான்.

கடைசியாக, பெற்றோர்களுக்கு ஒரு யோசனை. பிள்ளைகள் எந்தத் தளத்தில் எதைப் பதிந்தாலும், அதன் பிரதி ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் பழக்குங்கள். தபால் தலையைப் பற்றி நான்கு வரி எழுதினால், அதே நான்கு வரி மேஜைமேல் இருக்கும் நோட்டுப் புத்தகத்திலும் இருக்கட்டும். நாளைக்கு அந்தத் தளத்தின் கூரை ஒழுகி, சொன்ன குறை காதில் ஏறாமல் போய், வேறு இடம் தேட நேர்ந்தால், பிள்ளை அந்த நோட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டுவிடலாம்.